நீலம் அத்தானோடது

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது சின்னவன் குளியலறைக்குள் தாழ்போட்டுக்கொண்டு நின்றான். இந்த வாரமும் அங்கேதான் நிற்கிறான். நீங்கள் இதற்குள் ஒரு வாரம் தின்று, தூங்கி, வேலைக்கும் போய் வந்துவிட்டீர்கள். அவனுக்கு இன்னும் பல் விளக்கியே முடியவில்லை.

பயந்தவனுக்குக் குளியலறையைப் போல ஒரு கோட்டை கிடையாது. தாழ்ப்பாள் உண்டு, தண்ணீர்ச் சத்தம் உண்டு, உள்ளே என்ன செய்கிறாய் என்று கேட்க நாகரிகமுள்ள யாருக்கும் வாய் வராது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

இது லிஃப்ட் பழுது பார்க்கும் குடும்பம். அண்ணன் தலைவர். அக்காவைக் கட்டிய அத்தான் அவருக்கு வலது கை. சின்னவன் கடைக்குட்டி, முப்பது வயதாகியும் அந்தப் பெயர் அவனை விட்டுப் போகவில்லை. அண்ணனின் குரல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருமுறை, கை தவறி ஸ்பானரைப் போட்டவனைப் பார்த்து அவர் ஒரு சத்தம் போட்டார். எதிர்க் கட்டடத்து லிஃப்ட் தானாகக் கீழே இறங்கி வந்து கதவருகில் கைகட்டி நின்றது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் சொல்ல மாட்டார்கள், பயம்.

லிஃப்டின் கதவு முழுசாக மூடினால்தான் லிஃப்ட் நகரும். ஆனால் கதவுப் பூட்டைப் பழுது பார்க்கிறவனுக்குத் திறந்த கதவோடு ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்காக, மொட்டை மாடியில் இருக்கிற மெஷின் ரூமில், இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒரு துண்டு ஒயரை மாட்டுவார்கள். மாட்டிவிட்டால், கதவு மூடித்தான் இருக்கிறது என்று லிஃப்ட் நம்பிவிடும். வேலை முடிந்ததும் கழற்ற வேண்டும். மறந்துவிட்டால்? உடனே ஒன்றும் தெரியாது. கதவை ஒழுங்காக மூடுகிறவர்கள் ஏறி இறங்கும்வரை எல்லாம் சமத்தாகவே ஓடும்.

எவன் மறந்தான் என்று தெரிவதற்காக இந்த வீட்டில் ஆளுக்கொரு நிறம். அண்ணனுக்குச் சிவப்பு. அத்தானுக்கு நீலம். சின்னவனுக்கு மஞ்சள். ஒருவர் ஒயரை இன்னொருவர் தொடுவது, ஒருவர் பிரஷ்ஷில் இன்னொருவர் பல் விளக்குவது மாதிரி.

இவர்கள் பராமரிக்கிற ஒரு கட்டடத்தில், நாலாம் மாடியில் பாட்டு வாத்தியாரம்மா ஒருத்தி. லிஃப்ட் கதவை அவள் பாதிதான் சாத்தியிருந்தாள், லிஃப்ட் கிளம்பிவிட்டது. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. அண்ணன் மெஷின் ரூமுக்கு ஓடினார். பேனலில் ஒரு நீல ஒயர் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"எவன்டா இது?" என்றார் அண்ணன்.

"நீலம் அத்தானோடதுண்ணே" என்றான் பின்னால் நின்ற சின்னவன்.

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அத்தானின் பையிலிருந்து அந்த ஒயரை எடுத்து மாட்டியவன் சின்னவன் என்பது மட்டும்தான் அதில் இல்லை.

அவ்வளவுதான். இனி குளியலறைக்குப் போவோம்.

"மச்சான்." கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். அத்தானின் குரல்.

சின்னவன் வாயில் நுரையோடு அசையாமல் நின்றான்.

"உள்ள வேலையா இருந்தா இரு. காது சும்மாதானே இருக்கும்? ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க அத்தான்."

"அந்த ஒயரை நான் மாட்டின ஞாபகமே இல்லடா. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். காலையில எண்ணெய் போட மேல போனேன், அது ஞாபகம் இருக்கு. திரும்பி இறங்கினது ஞாபகம் இருக்கு. நடுவுல ஒயர் இல்ல. ஆனா ஒயர் என்னோடது. அப்போ என்ன அர்த்தம்? எனக்குத் தெரியாமலே என் கை வேலை பாத்திருக்கு."

சின்னவன் விளக்கிய பல்லையே மறுபடி விளக்கினான்.

"நேத்து அடுப்பை அணைச்சேனான்னு திரும்பத் திரும்ப எழுந்து போய்ப் பாத்தேன். உங்க அக்கா, 'அடுப்போட குடித்தனம் நடத்துங்க, நான் தூங்கறேன்'னுட்டா. சிரிக்கத்தான் சொன்னா. எனக்குச் சிரிப்பு வரல. இத்தனை வருஷம் சோறு போட்ட கைடா இது. அதை நம்ப முடியலேன்னா மனுஷன் எதைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறது?"

சின்னவன் குழாயைத் திறந்தான். தண்ணீர் வாளியில் விழுந்தது. அத்தான் குரலை உயர்த்திக்கொண்டார். நல்ல மனிதர்களிடம் இதுதான் தொல்லை, எந்தச் சத்தத்துக்கும் ஈடுகொடுப்பார்கள்.

"அன்னிக்கு நீதானே என்கூட இருந்தே. நான் அதை மாட்டினதை நீ பாத்தியா? பாத்தேன்னு சொல்லிடு. எனக்கு ஒரு நிம்மதி. பைத்தியம் பிடிக்கலேன்னு தெரிஞ்சா போதும், தப்பு பண்ணினவனாவே இருந்துட்டுப் போறேன்."

வாளி நிறைந்து வழிந்தது. சின்னவன் கண்ணாடியைப் பார்த்தான். வாயைச் சுற்றி வெள்ளை நுரையோடு ஒருவன் நின்றான், பால் திருடிய பூனை மாதிரி.

"ம்" என்றான் அந்தப் பூனை.

கதவுக்கு வெளியே ஒரு நீளமான மூச்சு. "நல்லா இருடா" என்று சொல்லிவிட்டு அத்தான் போய்விட்டார்.

முதல் பொய்யில் பொய்யே இல்லாமல் பார்த்துக்கொண்டவன் இரண்டாவதில் அந்தக் கவலையை விட்டுவிட்டான்.

ஏன் இத்தனை பயம் என்று கேட்பீர்கள். அடிப்பாரா அண்ணன்? மாட்டார். போன மாசம் சின்னவனுக்கு மெக்கானிக் உரிமம் வந்தது. பிளாஸ்டிக் உறைபோட்ட அட்டை, அதில் திருடன் மாதிரி ஒரு போட்டோ. அந்த அட்டையை எடுத்துக்கொண்டு அண்ணன் தெரு முழுக்க வீடு வீடாக ஏறினார். "எங்க சின்னவன்" என்றார். அதற்குமேல் பேச முடியாமல் அந்தக் குரல் உடைந்துபோய், அண்ணன் அழுதார். அண்ணனின் சத்தத்துக்குப் பயந்தவர்கள் ஊரில் நிறைய. அழுகைக்குப் பயந்தவன் சின்னவன் ஒருவன்தான்.

இன்று மத்தியானம் இன்ஸ்பெக்டர் அந்தக் கட்டடத்துக்கு வருகிறார். ஒயரை மறந்தவர் எல்லோர் முன்னிலையிலும் ஒத்துக்கொண்டு உரிம அட்டையை ஒப்படைக்க வேண்டும். போன அட்டை திரும்பி வராது. அத்தானுக்கு வேறு தொழில் தெரியாது.

கூடத்தில் அக்கா பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கினாள் என்றா சொன்னேன்? ஒவ்வொரு துணியையும் பெட்டிக்குள் வைத்து அறைந்துகொண்டிருந்தாள்.

"எங்க போறே?" என்றார் அண்ணன்.

"அவர் தோஸ்து ஒருத்தர் வாட்ச்மேன் வேலை பாத்து வெச்சிருக்காராம். ரெண்டு பேரும் போறோம். கேட்டுக்குப் பக்கத்துல ஒரு ரூம் தருவாங்களாம். கேட்டைத் திறந்து மூடற வேலைக்கு ஒயர் வேண்டாமில்ல?"

"நான் என்னம்மா பண்ணட்டும்? ஒயர் அவன் கலரு. இந்த வீட்ல மனுஷன் பொய் சொன்னாலும் சொல்வான், ஒயர் சொல்லாது."

"அப்போ ஒயரையே அத்தைப் பிள்ளை மாமன் பிள்ளைன்னு கூப்பிட்டு உறவு கொண்டாடு. நாங்க கிளம்பறோம்."

அண்ணன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அந்தப் பக்கம் யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

சின்னவன் சுவரோரமாக நழுவி வாசலை எட்டப் பார்த்தான். இந்த வீட்டில் எங்கே போவதென்றாலும் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கட்டியவன் கெட்டிக்காரன்.

செருப்பு மாட்டும் இடத்தில் அண்ணி வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். நிறைமாதம், குனிய முடியாமல் காலாலேயே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். சின்னவன் குனிந்து எடுத்துப் போட்டான்.

"செக்கப்புக்கா அண்ணி? தனியாவா?"

"வேற யாரு வரா? உங்கண்ணனுக்கு இன்ஸ்பெக்டர், உங்கக்காவுக்குப் பெட்டி. பரவாயில்ல, ஆஸ்பத்திரியில நம்ம லிஃப்ட்தானே. மூணாம் மாடிக்கு ஏத்திவிட்டுடும்." அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். முன்னெல்லாம் அந்தக் கதவோட மல்லுக்கட்டணும். மூணு தடவை அறைஞ்சு சாத்தினாத்தான் கிளம்பும். போன வாரம் நீ சர்வீஸ் பண்ணதுலேருந்து லேசா சாத்தினாலே போதும், வெண்ணெய் மாதிரி போகுது. கைராசிடா உனக்கு."

"சரிங்க அண்ணி" என்றான் சின்னவன். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. பயத்துக்கு இரண்டு கண்கள் உண்டு, இரண்டும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மத்தியானம் நாலு பேரும் அந்தக் கட்டடத்துக்குப் போனார்கள். அக்காவை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால்தான் வருவேன் என்கிற ரகம் இல்லை அவள்.

கட்டடத்தின் செகரட்டரி கீழேயே காத்திருந்தார். எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பவர், இன்று விசேஷம் என்பதால் மூன்று. இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே மெஷின் ரூமில் இருப்பதாகச் சொன்னார். அண்ணன் செகரட்டரியோடு முதலில் ஏறிப் போனார். லிஃப்ட் திரும்பி வந்ததும் அத்தான், அக்கா, சின்னவன் மூவரும் ஏறினார்கள்.

அத்தான் கதவைச் சாத்தினார். திறந்து பார்த்தார். மறுபடி சாத்தினார். கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். அக்கா அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மூணாம் மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது.

"என்னங்க?" என்றாள் அக்கா.

"இன்ஸ்பெக்டர் மேல எதையோ அணைச்சுப் பாக்கறாரு. சோதனை. அவர் விடற வரைக்கும் இங்கதான்."

கதவின் சின்னக் கண்ணாடி வழியாகச் சுவர் தெரிந்தது. வெறும் சிமெண்டுச் சுவர். பின்பக்கம் ஆளுயரக் கண்ணாடி. முன்னால் திரும்பினால் சுவர், பின்னால் திரும்பினால் தன் முகம். இரண்டில் எதைப் பார்ப்பது என்று சின்னவனுக்குத் தெரியவில்லை. காற்றாடி வேறு நின்றுபோயிருந்தது. மூன்று பேர் மூச்சும் ஒரே மூச்சாகிவிட்டது.

அத்தான் சட்டைப் பையிலிருந்து தன் உரிம அட்டையை எடுத்தார். போட்டோவில் அவருக்கு மீசை கருப்பாக இருந்தது. அதைக் கைக்குட்டையால் துடைத்தார். ஒப்படைக்கப்போகிற அட்டையை யாராவது துடைப்பார்களா?

"சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பாத்துக்கறேன். சரியா இருக்கா கேளு மச்சான்." தொண்டையைக் கனைத்தார். "ஐயா, அந்த ஒயரை மாட்டினது நான். கழட்ட மறந்ததும் நான். அந்த அம்மா கை உடைஞ்சதுக்கு..." நிறுத்தினார். "உடைஞ்சதுக்கு நான்தான் காரணம்னு சொல்லவா, என் கைதான் காரணம்னு சொல்லவா? எது மரியாதை?"

சின்னவன் சுவரைப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான். பிறகு காலடியைப் பார்த்தான். அங்கே மூன்று ஜோடி செருப்புகள் இடிக்காமல் இருக்க இடம் தேடிக்கொண்டிருந்தன.

"அத்தான், அது நீங்க இல்ல."

"எது?"

"ஒயர். நான்தான் மாட்டினேன். நான்தான் மறந்தேன். நீங்க கீழ ஸ்க்ரூ வாங்கப் போனப்போ உங்க பையிலேருந்து எடுத்தேன்."

மேலே எங்கோ ஒரு சுவிட்ச் 'டக்' என்றது.

அத்தான் அவனை உற்றுப் பார்த்தார். அவர் கண் நிறைந்தது. சின்னவன் அறைக்காகக் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டான். அத்தான் இரண்டு கையாலும் அவனை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்டா! நீ இப்படி ஏதாவது பண்ணுவேன்னு எனக்குத் தெரியும்!"

"இல்ல அத்தான், நெஜமா..."

"காலையிலதானே கேட்டேன்? நான் மாட்டினதைப் பாத்தேன்னு நீதானே சொன்னே? பல் விளக்கிக்கிட்டு எவனாவது பொய் சொல்வானா?"

"அப்போ சொன்னதுதான் பொய்!"

"இப்போ சொல்றதுதான்டா பொய். பாசத்துல வர்ற பொய்." அத்தான் அவன் முதுகைத் தட்டினார். "சரி, என் ஒயரை நீ எதுக்கு எடுக்கணும்? உன்கிட்டதான் மஞ்சள் இருக்கே?"

"என் பையில இல்ல."

"பாத்தியா? சொல்றதையாவது பொருத்தமா சொல்லத் தெரியுதா? குழந்தைடி உன் தம்பி."

அக்கா கண்ணாடிக்குள் தெரிந்த சின்னவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவனுக்கு மூக்குச் சிந்திவிட்டவள் அவள். அந்த முகம் எப்போது எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

லிஃப்ட் குலுங்கிக் கிளம்பியது. பெட்டி திறந்ததும் தப்பிக்கலாம் என்று நினைத்திருந்தான் சின்னவன். பெட்டி திறந்தது. வெளியே இன்னும் பெரிய பெட்டி.

மெஷின் ரூமில் நுழைந்ததும் அத்தான் முந்திக்கொண்டார். "கேட்டீங்களா, உங்க தம்பி பழியைத் தன் தலையில போட்டுக்கறேங்கறான். என் சோறு போயிடக் கூடாதாம்."

"அண்ணே, நான் நெஜமாவே..."

அண்ணன் அவன் தலையில் கை வைத்தார். போன மாசம் தெருவில் உடைந்த அதே குரல். "போதும்டா. எங்க ரத்தம்னு காட்டிட்டே."

மூன்று பேனா செகரட்டரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளை!"

இன்ஸ்பெக்டர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். "யாராவது ஒருத்தர் அட்டையைக் குடுங்கப்பா. நான் அடுத்த கட்டடத்துக்குப் போகணும்."

அத்தான் அட்டையை நீட்டினார்.

சின்னவன் வாயைத் திறந்தான். உண்மை கைவசம் இருந்தது, வாங்கிக்கொள்ள ஆள்தான் இல்லை. பொய் சொன்னபோது ஒரே வாக்கியத்தில் நம்பியவர்கள், இப்போது அவனை நல்லவன் நல்லவன் என்று நாலு பக்கமும் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் அக்கா.

அவள் சின்னவன் தோளிலிருந்து பையைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தாள். ஸ்பானர், டெஸ்டர், எண்ணெய்த் துணி, பாதி பிஸ்கட், தொலைந்ததாகச் சொன்ன அண்ணனின் குறடு எல்லாம் விழுந்தன. அக்கா குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

மஞ்சள் இல்லை.

"இவன் சொன்னது சரிதான். இவன் ஒயர் இவன்கிட்ட இல்ல" என்றாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். "சரி, உன் மஞ்சள் ஒயர் எங்கடா?"

"தெரியலக்கா. அன்னிக்கு இங்க வந்து பாத்தப்பவே இல்ல. அதனாலதான் அத்தானோடதை..."

"அன்னிக்கு இங்க வர்றதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தே?"

இந்தக் கேள்வியை ஒரு வாரமாக அவன் தன்னையே கேட்டிருக்கலாம். நீல ஒயரைப் பற்றிப் பயந்ததில் மஞ்சளை நினைக்க நேரம் கிடைக்கவில்லை. இப்போது நினைத்தான். ஒரு மெஷின் ரூம். பேனலில் கிளிப்பை மாட்டுகிறான். செல்போன் அடிக்கிறது. அண்ணன், எதிர்க் கட்டடத்து லிஃப்ட் இறங்குகிற குரலில், 'இன்னும் என்னடா பண்றே, இங்க வா!' பேனல் கதவைச் சாத்துகிறான். ஓடி வருகிறான்.

லேசா சாத்தினாலே போதும். வெண்ணெய் மாதிரி போகுது. கைராசிடா உனக்கு.

சின்னவனின் முகம் போன போக்கைப் பார்த்து அக்கா எழுந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரி" என்றான் அவன். "அண்ணி போற ஆஸ்பத்திரி. அந்த லிஃப்ட்லதான் இருக்கு. கதவு மூடாமலே ஓடுது. அண்ணி காலையில சொன்னாங்க, எனக்கு ஏறல. அண்ணே, அண்ணி அங்கதான் இருக்காங்க!"

இப்போது யாரும் அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. அத்தான் நீட்டிய அட்டை நீட்டியபடியே நின்றது. பிறகு அவர் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார், வெகுநாள் கழித்து வீடு திரும்பியவனைப் பார்ப்பது மாதிரி. எல்லோரும் சின்னவனை நம்பிவிட்டார்கள்.

அண்ணன் செல்போனை எடுத்தார். விரல் இரண்டு முறை தவறியது. மணி போயிற்று. போயிற்று. எடுத்தாள்.

"ஆங், சொல்லுங்க. ஒரே கூட்டம், இப்பத்தான் முடிஞ்சுது, குழந்தை நல்லா இருக்காம். லிஃப்ட் வந்துடுச்சு, உள்ள சிக்னல் இருக்காது, கீழ வந்து பேசறேன்..."

"ஏறாதே!"

மெஷின் ரூம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. செகரட்டரியின் பையிலிருந்து ஒரு பேனா விழுந்தது. அந்தக் குரலுக்கு எதிர்க் கட்டடத்து லிஃப்ட் என்ன, ஊரிலுள்ள அத்தனை லிஃப்டும் இருந்த இடத்தில் நின்றிருக்கும். போனில் மட்டும் அதற்கு முன்பே இணைப்பு அறுந்திருந்தது.

சின்னவன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினான். லிஃப்ட் அந்த மாடியிலேயே கதவைத் திறந்துகொண்டு காத்து நின்றது. அவன் அதைத் திரும்பிப் பார்க்காமல் படியில் இறங்கினான்.